இருபத்தெட்டு மீட்டர்

எங்கள் ஊரிலும் மலை இருக்கிறது.
சிரிக்காதீர்கள், பேரே கேப்பர் மலைதான்.
மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள்
இறங்கித் தள்ளுவார்கள், அந்த அளவுக்கு மலை.
கைக்கடிகாரம் சொல்கிறது: அடியிலிருந்து உச்சிக்கு
இருபத்தெட்டு மீட்டர்.

தை கடைசியில் ஜவ்வாது மலையில்
எண்பது கிலோமீட்டர் ஓடப் பேர் கொடுத்திருக்கிறேன்.
மொத்த ஏற்றம் இரண்டாயிரத்து எண்ணூறு.
வகுத்துப் பார்த்தேன், மீதியே வரவில்லை.
நூறு கேப்பர் மலை, ஒரு ஜவ்வாது.
வங்கியில் காசாளர் நான்;
மீதி வராத கணக்கென்றால் ஒரு சபலம்.

"இதுக்கு நம்ம மாடிப்படியே ஏறலாமே"
என்று புரண்டு படுத்தார் ஜெயசீலன்.
மாடிப்படியில் சரளை உருளாது என்றேன்.
அதற்குள் தூங்கிவிட்டார்.

நாலேகாலுக்குச் செம்மண் கறுப்பாகத்தான் இருக்கும்.
நெற்றி விளக்கு விழுகிற வட்டம் மட்டும் சிவக்கும்.
முந்திரித் தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை.
தானே புயலில் சாய்ந்த மரம் ஒன்று
படுத்தவாக்கிலேயே தழைத்துக் குறுக்கே கிடக்கிறது.
முதல் பத்து முறை தாண்டுவேன்,
பிறகு அதன்மேல் உட்கார்ந்து
காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவேன்.
காற்று திரும்பினால் சிப்காட் நெடி,
மூக்குக்குள் ரப்பர் சுட்ட மாதிரி.

ஏற்றம் மூச்சைத்தான் கேட்கும்.
இறக்கம் தொடையைக் கேட்கும், முட்டியைக் கேட்கும்,
பெருவிரல் நகத்தை வாங்கியே விடும்.
கறுத்த நகத்துக்கு மெரூன் பாலிஷ் பூசியிருக்கிறேன்,
சந்தேகம் வராதிருக்க மற்ற ஒன்பதுக்கும்.

சிறைச் சுவரை ஒட்டிப் பாதை திரும்பும் இடத்தில்
முதல் நாள் கோபுரத்திலிருந்து டார்ச் அடித்தது.
"யாரும்மா தொரத்துறாங்க?"
யாரும் இல்லை சார், ஓடுறேன்.
"எங்க?"
மேலே போயிட்டு, கீழே.
"கீழே போயிட்டு?"
மேலே.
டார்ச் கொஞ்ச நேரம் என் மேலேயே நின்று யோசித்தது.

அவர் பெயர் சடகோபன் என்று மூன்றாம் வாரம் தெரிந்தது.
அதற்குள், நான் கடக்கும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும்
ஒரு தரம் விளக்கை அணைத்துப் போடப் பழகியிருந்தார்.
சுவருக்குள்ளே யாரோ இருமுவார்,
ஐந்து மணி வாக்கில், மூன்று இருமல், ஒரு செருமல்.
எத்தனையாவது வருடமோ.
அந்தப் பத்தடியில் மட்டும் மெல்லக் கால் வைப்பேன்.
அங்கே போய் உரக்க மூச்சிரைப்பது
என்னவோ போலிருக்கும்.

போன ஞாயிறு, நாற்பது ஏற்றம்.
இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டேன்.
இடப் பையில் நாற்பது புளியங்கொட்டை,
ஏறி இறங்கினால் ஒன்று வலப் பைக்கு.
நடுவில் உப்புக் கஞ்சி, கடலை மிட்டாய்,
இருபத்தாறில் ஒரு வாந்தி, அது கணக்கில் சேராது.
ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் இடப் பை காலி.
இரண்டு கையையும் தூக்கினேன்.

"முப்பத்தொம்பது மேடம்!"

காசாளரிடம் சொல்கிறீர்கள் சார் என்றேன்.
"எனக்கும் அதான் வேலை மேடம்.
ராத்திரியானா தலை எண்றது."
பையைப் புரட்டினேன். தையல் விட்டிருந்தது,
ஒரே ஒரு கொட்டை நழுவுகிற அளவுக்கு.

மறுபடி ஏறினேன்.
ஏறினேன் என்பது மரியாதைக்கு;
தொடையைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தேன்.
உச்சியில் விடிந்திருந்தது.
கிழக்கே தென்னைக்கு மேல் கடல், ஒரு பென்சில் கோடு.
ஜவ்வாது தெரிகிறதா என்று மேற்கே பார்த்தேன்.
பனைமரம்தான் தெரிந்தது.

இறங்கி வந்தபோது கோபுரத்தில் வேறு ஆள்.
ஷிஃப்ட் மாறியிருந்தது.
கையைத் தூக்கப் போனவள்
ஷூவில் மண் தட்டுவது போல் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை, வங்கி வாசலில் ஐந்து படி.
காலையில் ஏறியதே தெரியவில்லை.
மாலையில் இறங்கத்தான் முடியவில்லை.
கைப்பிடியைப் பிடித்துத் திரும்பி நின்று
பின்பக்கமாக இறங்கினேன்,
கட்டிலிலிருந்து குழந்தை இறங்குவது போல.
வாசல் காவலர் கைலாசம் பார்த்தபடி நின்றார்.
இன்னும் அறுபது இருக்கு அண்ணே என்றேன்.
ஐந்து படியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு
வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.